மேக்சின் வாட்டர்ஸ், வெள்ளக் காப்பீடு, 22 பில்லியன் கடன்: கணக்கு யாரிடம் கேட்பது?

#1 கேட்டி_கண்ணன்

2025 அக்டோபரில் அமெரிக்க மத்திய அரசு (நிதி ஒதுக்கீடு இல்லாமல்) ஷட்டவுன் ஆனபோது தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டமும் சேர்ந்து நின்றுபோனது பலருக்கு நினைவிருக்கும். நவம்பர் 12 வரை புதுப் பாலிசி எழுத வழியில்லை. வெள்ள மண்டலத்தில் லோன் போட்டு வீடு வாங்கக் காத்திருந்தவர்கள் க்ளோசிங் (வீடு கைமாறும்) தேதியைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார்கள். 2017-லிருந்து இந்தத் திட்டத்துக்கு நீண்ட ஆயுள் கொடுக்க அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு மனசு வரவில்லை. சில மாதம், சில வாரம், சில சமயம் சில நாள் என்று 30 தடவைக்கு மேல் நீட்டித்தே ஓட்டியிருக்கிறார்கள்.

இதைப் பற்றி எதைப் படித்தாலும் ஒரு பெயர் வந்து நிற்கும்: மேக்சின் வாட்டர்ஸ். லாஸ் ஏஞ்சலஸ் தொகுதி, 1991 முதல் பிரதிநிதிகள் சபையில் இருப்பவர். 2019 முதல் நான்கு வருஷம் நிதிச் சேவைக் குழுவின் தலைவராக இருந்தார், இப்போது அதே குழுவில் ஜனநாயகக் கட்சித் தரப்பின் மூத்த உறுப்பினர். வங்கி முதலாளிகளை வரிசையாக உட்கார வைத்து வறுத்தெடுப்பாரே, அவர்தான்.

அவர் மேல் மரியாதை உண்டு, ஆனால் ஒரு நெருடல். "ஆபத்தை ஏன் மறைத்தாய்" என்று வங்கியைக் கேட்பவர், வெள்ள ஆபத்தின் உண்மை விலை வீட்டுக்காரர் பில்லில் ஏறும்போது மட்டும் "பொறு" என்கிறார். 2012-ல் மானியத்தைக் குறைத்துப் பிரீமியத்தை நிஜ ரேட்டுக்குக் கொண்டுபோன சட்டத்தின் பெயரே பிகர்ட்-வாட்டர்ஸ். ஏறின பிரீமியத்தோடு பில் வந்ததும் நாடெங்கும் கூச்சல். அவரே முன்னால் நின்று அதைத் தள்ளிப்போடச் சொன்னார். 2014 மார்ச்சில் கிரிம்-வாட்டர்ஸ் சட்டம் வந்து ஏற்றத்துக்குக் கடிவாளம் போட்டது. ஒரே ஆள், இரண்டு வருஷத்துக்குள் இரண்டு சட்டம், எதிரெதிர் திசை.

இந்தத் திட்டம் மத்தியக் கருவூலத்திடம் வாங்கின கடனோ 20.5 பில்லியன் டாலர். ஹெலீன் புயல் க்ளெய்ம்களுக்காக 2025 தொடக்கத்தில் மேலும் 2 பில்லியன் வாங்கினார்கள். வட்டியே வருஷத்துக்கு 600 மில்லியனுக்கு மேல். இந்தக் கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்கிறார் வாட்டர்ஸ். இதுதான் நிதிப் பொறுப்பா? நான் பாலிசி வைத்திருப்பவன், விலை குறைந்தால் எனக்கு லாபம்தான். இருந்தாலும் கேட்கிறேன்.

#2 சாக்ரமெண்டோ_சாந்தி

//ஒரே ஆள், இரண்டு வருஷத்துக்குள் இரண்டு சட்டம், எதிரெதிர் திசை//

நடுவில் நடந்ததை விட்டுவிட்டீர்கள் கண்ணன். 2012 சட்டம் விலையை மட்டும் ஏற்றவில்லை. "சாதாரணக் குடும்பம் இதைத் தாங்குமா என்று ஆராய்ந்து அறிக்கை கொடு" என்று ஃபீமாவுக்கு (இந்தத் திட்டத்தை நடத்தும் மத்திய பேரிடர் அமைப்பு) உத்தரவும் அதில் இருந்தது. அறிக்கை வரவில்லை, பிரீமியம் ஏறிவிட்டது. அதைவிடக் கொடுமை விற்பனைப் பிரிவு. மானிய ரேட்டில் இருந்த பழைய வீடு கைமாறினால் வாங்குபவருக்கு முதல் நாளே முழு ரேட். விற்பவர் கட்டுவதைப் போலப் பல மடங்கு வாங்குபவருக்கு கொட்டேஷன் வரும். அந்த வீட்டை யார் வாங்குவார்கள்? வீடு ஒன்றுதான் சொத்து என்று இருந்த ஓய்வுபெற்றவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

2014 சட்டம் அந்தப் பிரிவைத் தூக்கியது. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு, பெரும்பாலும், வருஷம் 18 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்றது. அதற்கு ஈடாக எல்லாப் பாலிசியிலும் 25 டாலர், குடியிருக்காத வீடென்றால் 250 டாலர் சர்சார்ஜ் போட்டது. உங்கள் பாலிசிச் சுருக்கமான டிக்ளரேஷன் பக்கத்தில் அந்த வரி இருக்கும், பாருங்கள். விலை ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, படிப்படியாக.

கடன் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1968-ல் ஆரம்பித்த திட்டம், 2005 வரை வாங்கின கடனைத் திருப்பிக் கட்டிக்கொண்டு ஓரளவு சொந்தக் காலில் நின்றது. கத்ரீனா புயல் ஒரே அடியில் சாய்த்தது. அப்புறம் 2012-ல் சேண்டி, 2017-ல் ஹார்வி. தள்ளுபடியும் வாட்டர்ஸ் கண்டுபிடித்தது இல்லை. 2017 அக்டோபரில் 16 பில்லியனைக் காங்கிரஸ் தள்ளுபடி செய்தது, கையெழுத்துப் போட்டவர் டிரம்ப். மிச்சம்தான் நீங்கள் சொல்லும் 20.5.

#3 குறுக்குக்கேள்வி

தள்ளுபடின்னா யாரோ கட்டறாங்கன்னு அர்த்தம் மேடம். அரிசோனால வாடகை வீட்ல இருக்கறவன் வரியில ஃப்ளோரிடா பீச் ஹவுஸுக்குத் தரை ஓடு போடணுமா?

திரும்பத் திரும்ப முங்கற வீடுகள் மொத்தப் பாலிசில சுமார் 1 சதவீதம்தான். ஆனா க்ளெய்ம் பணத்துல 25-லேர்ந்து 30 சதவீதம் அதுக்கே போச்சுன்னு அரசாங்கத் தணிக்கை அலுவலகமே சொல்லியிருக்கு. முங்கறது, பணம் வாங்கறது, அதே இடத்துல கட்டறது, மறுபடி முங்கறது. அதைக் கேக்க ஆளில்லை.

இதுல இந்தம்மா எல்லாருக்கும் பொறுப்பு சொல்லித் தர்றாங்க. ஒன்யுனைடெட் பேங்க் விஷயம் மறந்துபோச்சா?

#4 நெறியாளர்

ஒன்யுனைடெட் விஷயம் இதுதான்: அந்த வங்கியில் வாட்டர்ஸின் கணவருக்குப் பங்கு இருந்தது, 2008 நெருக்கடியில் வங்கிக்கு அரசு உதவி கிடைத்தது, விசாரணை வந்தது. 2012 செப்டம்பரில் சபையின் நன்னடத்தைக் குழு அவர் மீது விதிமீறல் இல்லை என்று முடித்தது. இதற்கு மேல் அதைத் தோண்டினால் பதிவு நீக்கப்படும். வெள்ளத்துக்கு வாங்க.

#5 ஈரமான_பேஸ்மென்ட்

நியூ ஜெர்சிலேர்ந்து வணக்கம். பெயரைப் பார்த்தே தெரிஞ்சிருக்கும்.

2021 செப்டம்பர் 1, ஐடா புயல். நாங்க ஆத்துக்குப் பக்கத்துல இல்ல. தெரு சாக்கடை தாங்கல, பேஸ்மென்ட் ஜன்னல் வழியா தண்ணி அருவி மாதிரி. வெள்ளப் பாலிசி இருந்துது, அதனால கொஞ்சம் தைரியம். சேதத்தை மதிப்பிடற அட்ஜஸ்டர் வந்தார், டார்ச் அடிச்சுப் பார்த்தார், சுவத்துல தண்ணி நின்ன கோட்டை டேப் வச்சு அளந்தார். அப்புறம் ஒவ்வொண்ணா: ஃபர்னஸ், உண்டு. வாட்டர் ஹீட்டர், உண்டு. சம்ப் பம்ப், மின் பேனல், உண்டு. கார்ப்பெட்? கிடையாது. சோபா? கிடையாது. அம்மா வந்தா தங்க மரத் தரை போட்டு வச்சிருந்தோமே, அது? கிடையாது. பேஸ்மென்டைப் பொறுத்தவரை மெஷின்களுக்கும் வெறும் சுவத்துக்கும்தான் பணம், அலங்காரத்துக்கு இல்லைன்னு பாலிசிலேயே போட்டிருக்கு. விக்கும்போது யாரும் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டல.

பொறுப்புடைமைன்னு பேசறீங்களே, எனக்கு அது அங்கதான் ஆரம்பிக்குது. அதே ராத்திரி நியூயார்க்ல பேஸ்மென்ட் வாடகை வீட்ல இருந்த ஏழை ஜனங்க உள்ளேயே செத்துப் போனாங்க. அவங்களுக்கு எந்தப் பாலிசி? வாட்டர்ஸ் "வீடும் உள்கட்டமைப்புதான்"னு சொன்னப்போ நிறைய பேர் சிரிச்சாங்க. நான் சிரிக்கல.

#6 பாலிசி_பரமு

ஃப்ளோரிடாவில் காப்பீட்டு ஏஜென்ட். பேஸ்மென்ட் நண்பரிடம் எங்கள் தொழில் சார்பாக வருத்தம் தெரிவிக்கலாம், ஆனால் ஃப்ளோரிடாவில் பேஸ்மென்டே கிடையாது!

விஷயத்துக்கு வருகிறேன். யாரும் பேசாத ஒரு இடம் இருக்கிறது. உங்கள் பாலிசியில் ஏதோ தனியார் கம்பெனி லோகோ இருக்கும். அந்தக் கம்பெனிக்கு நயா பைசா ரிஸ்க் கிடையாது. 1983 முதல் ஓடும் ஏற்பாடு இது: கம்பெனி பாலிசி எழுதும், பில் அனுப்பும், க்ளெய்மைக் கவனிக்கும். இழப்பு முழுக்க அரசாங்கத்தின் தலையில். இந்த வேலைக்குப் பிரீமியத்தில் சுமார் 30 சதவீதம் கம்பெனிக்குப் போகிறது (எங்கள் கமிஷனும் அதற்குள்தான், ஒளிக்கவில்லை).

சேண்டிக்குப் பிறகு என்ன நடந்தது தெரியுமா? வீட்டின் அடித்தளம் வெள்ளத்தால் உடைந்தது என்று இன்ஜினியர் எழுதின அறிக்கையைப் பின்னால் மாற்றி, "பழைய விரிசல், மண் இறங்கியது" என்று ஆக்கின வழக்குகள் நீதிமன்றத்தில் வெளிவந்தன. 2015-ல் ஃபீமா 1,40,000-க்கும் மேற்பட்ட சேண்டி க்ளெய்ம்காரர்களுக்கு, "வேண்டுமானால் மறுபடி பரிசீலிக்கிறோம்" என்று கடிதம் போட வேண்டியதாயிற்று. கண்ணன் சார், கணக்குக் கேட்க வேண்டுமென்றால் வீட்டுக்காரரிடம் போகும் வழியில் இங்கேயும் ஒரு நிமிஷம் நில்லுங்கள்.

#7 புதுசா_வீடு

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். ஹூஸ்டன் மேற்குல வீடு பார்த்திருக்கோம். எக்ஸ் ஜோன் (வரைபடத்துல வெள்ள ஆபத்து குறைவுன்னு காட்டற பகுதி), லோன் ஆபீசர் வெள்ளப் பாலிசி கட்டாயம் இல்லைங்கறார். விட்டுடலாமா?

#8 கேட்டி_கண்ணன்

@புதுசா_வீடு விடாதீங்க. கட்டாயம் இல்லை என்பதற்கும் ஆபத்து இல்லை என்பதற்கும் சம்பந்தமே கிடையாது. ஹார்வியில், ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் மட்டும் சுமார் 1,54,000 வீடுகளில் தண்ணீர் புகுந்தது. அதில் மூன்றில் இரண்டு பங்கு, வரைபடம் "நூறு வருஷ வெள்ளப் பகுதி" என்று காட்டின கோட்டுக்கு வெளியே. 64 சதவீத வீட்டில் வெள்ளப் பாலிசி இல்லை.

நம்ம பக்கத்தில் இன்னொரு கூத்தும் உண்டு. பார்க்கர், ஆடிக்ஸ் இரண்டும் 1940-களில் ஹூஸ்டன் நகரைக் காப்பாற்றக் கட்டின நீர்த்தேக்கங்கள். சாதாரண நாளில் காய்ந்து கிடக்கும், பார்க் மாதிரி இருக்கும். தேக்கம் முழுசாக நிரம்பினால் தண்ணீர் எதுவரை நிற்கும் என்று ராணுவப் பொறியாளர் படைக்குத் தெரியும். ஆனால் அந்த அளவு நிலத்தை அவர்கள் வாங்கவில்லை. மிச்சத்தில் பில்டர்கள் வீடு கட்டினார்கள். ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் சில மனை வரைபடங்களில், இந்த இடம் தேக்கத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் தண்ணீர் நிற்கலாம் என்று பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. வீடு வாங்கின எவர் கண்ணிலும் அது படவில்லை, 2017 ஆகஸ்ட் வரை. தேக்கத்துக்கு மேல்பக்கத்தில் முங்கின வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டு, 2019 டிசம்பரில் அரசுதான் பொறுப்பு என்று தீர்ப்பு வாங்கினார்கள்.

அதனால் நீங்கள் மனை வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். விற்பவர் வெள்ளம் பற்றிச் சொல்லியாக வேண்டும் என்று டெக்சாஸ் சட்டத்தை 2019-ல் இறுக்கியிருக்கிறார்கள், அந்தப் படிவத்தையும் பாருங்கள்.

#9 அணைக்கட்டு_ஆறுமுகம்

சிவில் இன்ஜினியர் பேசுகிறேன். மேலே எல்லோரும் முங்கின பிறகு யார் பணம் கொடுப்பது என்றே சண்டை போடுகிறீர்கள். முங்காமல் செய்வதைப் பற்றி ஒரு வரி இல்லை.

பேரிடர் வரும் முன்பே தடுப்புக்குச் செலவழிக்கும் மத்திய நிதி ஒரு டாலருக்குச் சராசரியாக ஆறு டாலர் மிச்சமாகிறது என்று தேசியக் கட்டட அறிவியல் நிறுவனம் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறது. வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கி உயரத் தூணில் உட்கார வைப்பது, திரும்பத் திரும்ப முங்கும் வீட்டை விலை கொடுத்து வாங்கி இடித்து நிலத்தைத் தண்ணீருக்கே விடுவது, வடிகாலை அகலப்படுத்துவது எல்லாம் இந்த மாதிரி முன்கூட்டிச் செய்யும் வேலைகள். நியூ ஜெர்சியின் 'ப்ளூ ஏக்கர்ஸ்' இதைத்தான் செய்கிறது. குறுக்குக்கேள்வி சொன்ன 1 சதவீத வீட்டுக்கு மருந்து இதுதான், பிரீமியத்தை ஏற்றுவது இல்லை.

2021 உள்கட்டமைப்புச் சட்டத்தில் வெள்ளத் தடுப்பு மானியத்துக்கு 3.5 பில்லியன் ஒதுக்கினார்கள், நல்ல காரியம். ஊர் அளவில் தடுப்பு வேலைக்குப் பணம் கொடுத்த 'பிரிக்' திட்டத்தை 2025 ஏப்ரலில் நிறுத்துவதாக ஃபீமா அறிவித்தது, மாநிலங்கள் கோர்ட்டுக்குப் போயின. கல்வெர்ட் வேலை எல்லாம் பாதி டிராயிங்கில் நின்றால் அடுத்த மழைக்கு யார் பதில் சொல்வது?

வாட்டர்ஸின் "வீடும் உள்கட்டமைப்புதான்" வாதத்தில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. பாலம் எல்லோருக்கும், வீடு ஒருவருக்கு. ஆனால் அரசாங்கமே கட்டி வாடகைக்கு விட்ட பொதுக் குடியிருப்புகளில் பாக்கி நிற்கும் ரிப்பேர் வேலை மட்டும் 70 பில்லியன் டாலர் அளவு. அதை உள்கட்டமைப்பு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? அந்த அளவுக்கு அவரோடு வருகிறேன்.

#10 சாக்ரமெண்டோ_சாந்தி

ஆறுமுகம் அண்ணே, அருமை. நான் பத்து வருஷத்துக்கு மேல் ஒரு வங்கியில் கம்ப்ளையன்ஸ் (விதிகளைக் கடைப்பிடிக்கிறார்களா என்று பார்க்கும்) பக்கம் இருந்தவள். அதனால் "பொறுப்புடைமை"யை அந்தப் பக்கமிருந்து சொல்கிறேன்.

வெல்ஸ் ஃபார்கோ வங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளருக்குத் தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குத் திறந்தது 2016-ல் அம்பலம். அபராதம் 185 மில்லியன். 2018-ல் வங்கி இதற்கு மேல் வளரக் கூடாது என்று ஃபெடரல் ரிசர்வ் தடை போட்டது, அது 2025 ஜூனில்தான் விலகியது. 2019 மார்ச் 12-ல் தலைமை அதிகாரி டிம் ஸ்லோன் வாட்டர்ஸின் குழு முன்னால் உட்கார்ந்தார், அந்த மாதம் முடிவதற்குள் ராஜினாமா. 2020 மார்ச்சில் குழு அறிக்கை வந்தது. விசாரணைக்கு வர வேண்டிய நேரத்தில் போர்டு தலைவர் எலிசபெத் டியூக்கும் இன்னொரு இயக்குநரும் ராஜினாமா. அதாவது அபராதம் கட்டிவிட்டு நாற்காலியில் ஒட்டிக்கொண்டிருக்க முடியவில்லை. இந்த அழுத்தத்தை அவர் உண்டாக்கினார், ஒப்புக்கொள்ள வேண்டும்.

கண்ணன் கேட்பது, அதே கண்டிப்பு வெள்ளத்தில் எங்கே என்று. 2019-ல் அவர் கொண்டுவந்த மறு அங்கீகார மசோதாவைப் படித்துப் பாருங்கள். ஐந்து வருஷ நீட்டிப்பு, வரைபடத்தைப் புதுப்பிக்கப் பணம், வட்டார நடு வருமானத்தில் 80 சதவீதத்துக்குக் கீழ் சம்பாதிக்கும் குடும்பங்களுக்குப் பிரீமியச் சலுகை தரும் சோதனைத் திட்டம். பீச் ஹவுஸ்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது, வருமானம் பார்த்துத்தான். குழுவில் 59-க்கு 0. குடியரசுக் கட்சிக்காரர்களும் சேர்ந்து போட்ட ஓட்டு.

#11 குறுக்குக்கேள்வி

59-0ன்னு மார் தட்டறீங்க, அப்புறம் என்னாச்சு? முழு சபைக்கே வரல. செனட்ல கடலோர மாநிலத்துக்காரங்க வேற மசோதா வச்சிருந்தாங்க, வருஷத்துக்கு 9 சதவீதத்துக்கு மேல ஏத்தாதேன்னு. ரெண்டும் தூங்கிடுச்சு.

ஆறுமுகம் சார் சொன்னது மட்டும் எனக்கு ஓகே. வாங்கி இடிங்க, ஒருதடவை செலவு பண்ணுங்க, முடிஞ்சுது. அதுக்கு என் வரிப் பணம் போனா வாயைத் திறக்க மாட்டேன்.

#12 ஈரமான_பேஸ்மென்ட்

அப்பாடா, குறுக்குக்கேள்வி ஒத்துக்கிட்டார். இந்த இழையைப் பின் பண்ணி வைங்க நெறியாளரே.

#13 கேட்டி_கண்ணன்

சாந்தி மேடம் சொன்ன சலுகைத் திட்டத்தில்தான் எனக்கு விடை கிடைக்கிறது. நான் எதிர்ப்பது உதவியை இல்லை, உதவியை விலைக்குள் ஒளிப்பதை.

2021 அக்டோபரில் ஃபீமா கொண்டுவந்த புது ரேட்டிங்கில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி விலை: ஆற்றிலிருந்து எவ்வளவு தூரம், தரை எவ்வளவு உயரம், திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும் என்று பார்த்து. முதல் வருஷத்தில் 23 சதவீதம் பேருக்கு விலை குறையும் என்றே ஃபீமா சொன்னது. அதாவது அதுவரை சின்ன வீட்டுக்காரர் பலர் அதிகம் கட்டிப் பெரிய வீட்டுக்காரரைத் தாங்கியிருக்கிறார்கள். பழைய ரேட் ஏழைக்கு நல்லது என்று நினைத்துக்கொண்டிருந்தோம், அங்கே நடந்தது வேறு. 2023-ல் லூசியானாவும் வேறு சில மாநிலங்களும் இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

என் பில்லில் இரண்டு வரி அச்சடிக்கட்டும். முதல் வரி: இந்த வீட்டின் உண்மையான ஆபத்துக்கு இவ்வளவு. இரண்டாவது வரி: உன் வருமானத்துக்காக அரசு கொடுப்பது இவ்வளவு. அந்த இரண்டாவது வரிக்குப் பணம் பட்ஜெட்டில், ஓட்டுப் போட்டு, ஊர் பார்க்க வரட்டும். வாங்குபவருக்கும் முதல் வரி தெரியும், பில்டரும் தேக்கத்துக்குள் வீடு கட்டி ஏமாற்ற முடியாது. கத்ரீனா கடனைத் தள்ளுபடி செய்வதானால் அன்றைக்குச் செய்யட்டும், அதற்கு முன்னால் வேண்டாம். இல்லையென்றால் இன்னொரு 20 பில்லியன் ஏறிவிடும்.

#14 சாக்ரமெண்டோ_சாந்தி

கடன் தள்ளுபடியும் குறைந்த வருமானக்காரருக்கு உதவியும் 2021 நவம்பரில் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றின 'பில்ட் பேக் பெட்டர்' மசோதாவில் ஒன்றாகவே இருந்தது கண்ணன். நீங்கள் கேட்கும் கூட்டணிதான். செனட்டில் செத்தது. உங்களுக்கும் வாட்டர்ஸுக்கும் இடையில் நீங்கள் நினைக்கும் அளவு தூரம் இல்லை.

#15 கேட்டி_கண்ணன்

இருக்கலாம். ஆனால் 59-0 மசோதாவைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் கட்சியே சபையில் பெரும்பான்மையாக இருந்த நான்கு வருஷத்தில் முழு சபை ஓட்டுக்குக் கொண்டுவராதது ஏன்? ஸ்லோனிடம் அவர் கேட்ட மாதிரி இதை அவரிடம் யாராவது கேட்டால் நன்றாக இருக்கும்.

#16 புதுசா_வீடு

எல்லாருக்கும் நன்றி. பரமு சார், தனியார் கம்பெனி ஒண்ணு அரசுப் பாலிசியைவிடக் குறைச்சு சொல்றாங்க. வீட்டுக்கான கவரேஜும் கூட. எதை எடுக்க?

#17 பாலிசி_பரமு

அரசுப் பாலிசியில் வீட்டுக்கு 2,50,000 டாலர், சாமானுக்கு 1,00,000, அதற்கு மேல் கிடையாது. ஹூஸ்டன் விலைக்கு அது போதாமல் போகலாம், அந்த வகையில் தனியார் நல்லது. ஆனால் ஒரு பெரிய புயல் அடித்த மறு வருஷம் தனியார் கம்பெனி புதுப்பிக்க மாட்டேன் என்று கையை விரிக்கலாம். அரசுத் திட்டம் அப்படித் துரத்தாது.

விற்பவரிடம் இப்போது அரசுப் பாலிசி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் அவருடைய பாலிசியை அப்படியே உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம், அவருக்கு இருக்கும் சலுகை ரேட்டும் கூடவே வரும். அதை விட்டுத் தனியாருக்குப் போய், பிறகு திரும்பி வந்தால் முழு ரேட்தான். லோன் க்ளோசிங்கோடு சேர்த்து எடுத்தால், புதுப் பாலிசி நடைமுறைக்கு வர ஆகும் 30 நாள் காத்திருப்பு கிடையாது. க்ளோசிங் முடிந்து ஆறப்போட்டால் அந்த 30 நாள் வந்துவிடும். க்ளோசிங் எப்போது?

#18 புதுசா_வீடு

அடுத்த வியாழன். இப்பவே விற்பவரோட ஏஜென்டுக்குப் போன் போடறேன்.